குப்பையைக் கொட்டுங்க, தட்டைக் காட்டுங்க!

முதலில் அந்தப் பையைத் திறந்துவிடுவோம், ஆவல் தாங்கவில்லை! ஒரகடம் பக்கத்து ஊர் ஒன்றில் காலேஜ் பஸ் வந்து நிற்கிறது. வெள்ளைக் கோட்டுகள் திமுதிமுவென இறங்குகின்றன. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆச்சே, பைக்குள் ஸ்டெதாஸ்கோப்பும் பி.பி. மெஷினும் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இருக்கின்றன, ஓரமாக. மேலே கிடப்பவை வேறு. கழற்றி மாட்டும் உயரக் கம்பம், எடை மெஷின், கறிக்கடையில் தொங்குவது மாதிரி ஒரு கொக்கித் தராசு, கையுறை, தார்ப்பாய், அப்புறம்... மூன்று சைஸில் கரண்டி, நாலு கிண்ணம். சமைக்க வந்தார்களா, குப்பை அள்ள வந்தார்களா? கொஞ்சம் பொறுங்கள், இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும்.

ஊருக்குள் வருவது இவர்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-22இலிருந்து வைத்திருக்கிறது. களமும் லேசுப்பட்டதா! ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், இன்னொரு பக்கம் ஒரகடத்தில் ரெனோ, வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. நடுவே ஏரி, ஏரிக்கரையில் மாடு, மாட்டுக்குப் பின்னால் புதிதாக முளைத்த லைன் வீடுகள். ஒரே தெருவில் சம்சாரி வீட்டுக் குப்பையும் கிடைக்கும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பேச்சுலர் ரூம் குப்பையும் கிடைக்கும்.

பிள்ளைகளின் வளர்ச்சி, சாப்பாடு, ஊர்க் குப்பை மூன்றையும் அளப்பதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் முதல் கூத்து உயரம் அளப்பது. குதிகால், பின்புறம், பின்மண்டை மூன்றும் கம்பத்தைத் தொட வேண்டும். கண்ணும் காதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிக்க வேண்டும். அங்கேதான் மல்லிகைச் சரமும் ரெட்டைப் பின்னலும் வில்லனாக வந்து நிற்கும்! பூவை ஓரம் தள்ளி, ரிப்பனைத் தளர்த்தி, கட்டையை இறக்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவன் ஏதோ சொல்ல, கம்பத்தில் நிற்பவள் சிரிக்க, மறுபடி முதலிலிருந்து. பையன்கள் கதை தனி. எல்லோருக்கும் குதிகால் தானாகவே மேலே போகும்.

அடுத்தது கரண்டி மர்மம்.

“நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்ட, சொல்லுப்பா.”

“உப்புமாக்கா. மத்தியானம் சோறு, முட்டை. ராத்திரி சோறு.”

“தொட்டுக்க?”

“கொழம்பு.”

“எத்தனை கரண்டி? இதுவா, அந்தச் சின்னதா?”

“நடுவுல எதாச்சும் வாங்கித் தின்னியா?”

“ஒண்ணுமில்லக்கா.”

இந்த ‘ஒண்ணுமில்லக்கா’வைப் பிடிக்கத்தான் தார்ப்பாய்!

வீடுகளுக்கு முதல்நாளே பை கொடுத்துவிடுவார்கள். மறுநாள் சேர்ந்ததைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, குவித்து, நாலு பங்காக வகிர்ந்து, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து வகிர்வார்கள். கையில் அடங்கும் அளவுக்கு வந்ததும் வகை வகையாகப் பிரித்துக் கொக்கித் தராசில் மாட்டுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள், செம சுவாரஸ்யம்! மாடு நிற்கிற வீட்டில் காய்கறித் தோல் அநேகமாக வராது. கழனித் தொட்டிக்குப் போயிருக்கும். லைன் வீட்டில் மாடு ஏது? அங்கே தோல் மூட்டையாக வரும். எல்லா வீட்டிலும் தவறாமல் வருவது ஒன்று: உள்பக்கம் வெள்ளியாக மினுங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரிக்க முடியாது, பழைய இரும்புக் கடைக்காரரும் தொடமாட்டார். ஆனால் பையன் மறந்த சாயங்காலம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் டூசான் நகரில் 1973இல் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் இதே கூத்தை ஆரம்பித்தார். புதைகுழி தோண்ட வேண்டியவர் குப்பைத் தொட்டியைத் தோண்டினார்! வாயால் சொன்ன பீர் கணக்கைவிடத் தொட்டியில் கிடந்த கணக்கு கூடுதலாக இருந்தது. நம்மூர்ப் பெருமையும் உண்டு. ஊட்டச்சத்து ஆய்வாளர்களான அய்க்ராய்டும் கிருஷ்ணனும் குன்னூர் ஆய்வகத்திலிருந்து தென்னிந்திய கிராமங்களின் சாப்பாட்டை ஆராய்ந்து 1937இல் கட்டுரை எழுதிவிட்டார்கள். பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்து உயரமும் எடையும் பார்த்ததும் அவர்களே. அந்த ஆய்வகம்தான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

சரி, பாக்கெட் எங்கிருந்து வந்தது? மாணவர்கள் டேப்பை இழுத்துக்கொண்டு பள்ளி கேட்டுக்கு ஓடுகிறார்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்பது 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி. பெட்டிக்கடை எத்தனையாவது மீட்டரில்? டேப் பாதி உருளும்போதே கடைக்கார அண்ணன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அவரைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காலையில் பால் பாக்கெட்டும் ராத்திரியில் அவசரத்துக்கு முட்டையும் அந்தத் தெருவுக்கு அங்கேதான்.

பள்ளிச் சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடலாம். மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2024 ஜூலை 15 அன்று பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் தொடங்கியது. பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள், பலருக்குச் சொந்தப் பிள்ளையே அந்தப் பந்தியில்! தட்டு கழுவும் இடத்தில் ஒரு வாளி வைத்து மிச்சத்தை எடை போட்டால் ரகசியம் வெளியே வந்துவிடும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தக்காளித் தோல். கேரட் தப்பித்துவிடும், கத்தரிக்காய் மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து முடிவுகளை வைக்க நல்ல மேடை கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு. சார்ட் பேப்பரை விரித்து மாணவி பேசத் தொடங்கியதும் பந்தலில் ஒரு சலசலப்பு கிளம்பும் பாருங்கள்! குப்பை எடுக்குற பேட்டரி வண்டி எங்க தெருவுக்கு ஏன் வரல என்று ஒருவர். லைன் வீட்டுக்காரங்க குப்பைக்கு யார் பொறுப்பு என்று இன்னொருவர். நடுவில் ஒரு பாட்டி எழுந்து, “ஏம்மா, வெயிட்டு பாத்தீங்களே, எம் பேத்தி எவ்ளோ இருக்கா?” என்பார். பிள்ளைகளின் அளவை சபையில் சொல்லக்கூடாது, பெற்றவர்களிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அதை மாணவி பவ்யமாக எடுத்துச் சொன்னால் பாட்டி விடுவாரா?

“ரேஷன் கடைத் தராசுல ஊரே பாக்க நிறுத்துட்டுதான் வந்தேன். இதுல என்னம்மா ரகசியம்?”