கூட்டத்தில் நின்றதே குற்றமா?

ஞாயிறு மாலை தேக்காவில் மாமாவைச் சந்திப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் தம்பியான அவர், பல ஆண்டுகளாக இங்கு கட்டுமானத் துறையில் வேலை செய்கிறார். சென்ற வாரம் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்‌ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்று, “அன்னைக்கு ராத்திரி நான் இங்கதான் இருந்தேன்,” என்றார்.

“கலவரத்திலா மாமா?”

“கூட்டத்தில,” என்று திருத்தினார்.

2013 டிசம்பர் 8. தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஆத்திரமடைந்தவர்கள் பேருந்தைத் தாக்கினர். காவல்துறை வாகனங்களைக் கவிழ்த்தனர். ஆம்புலன்சுக்குத் தீ வைத்தனர்.

மாமா திருத்திய அந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்பது தண்டனைச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்றம் புரியும் பொது நோக்கத்துடன் திரண்டால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக அவர்களில் ஒருவர் வன்முறையில் இறங்கினாலும் அனைவரும் கலவரக் குற்றவாளிகளே. ‘நான் கல்லெறியவில்லை’ என்ற வாதம் எடுபடாது. ஏழாண்டு வரை சிறை, பிரம்படி.

அந்த நோக்கத்தில் பங்கில்லாமல் வேடிக்கை பார்த்தவர்? அவர் கலவரக்காரர் அல்லர். ஆனால் காவல்துறை கலைந்துபோகச் சொன்ன பிறகும் நின்றால் அது தனிக் குற்றம். ஈராண்டு வரை சிறை. இவ்வழக்குகளில் முதலில் தண்டிக்கப்பட்டவருக்கு 15 வாரச் சிறை கிடைத்ததும் கலைய மறுத்ததற்கே.

பேருந்து ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். மரண விசாரணையில் அது விபத்து என்று முடிவானது. உயிர் போனதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 25 பேர். அவர்கள்மீதான குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கலைய மறுத்ததாகக் கூறி, எச்சரிக்கப்பட்டு, வழக்கு விசாரணையின்றியே நாடு திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவரை வெளியேற்றுவது நிர்வாக முடிவு. அதற்குக் குற்றத் தீர்ப்பு தேவையில்லை. சட்டப்படி அது சரியென்று புரிகிறது. எனக்கு உறுத்துவதும் அதுதான். கடன் வாங்கி இங்கு வந்தவருக்கு 15 வாரச் சிறையைவிட அந்த விமானப் பயணம் பெரிய தண்டனையாக இருந்திருக்கலாம்.

“போகச் சொன்னதும் போயிட்டீங்களா?” என்று மாமாவிடம் கேட்டேன்.

“ஃபாரர் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டம்தான். ஒரு செருப்பு இங்கேயே போச்சு,” என்றவர், காலியாக இருந்த சாலையோரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.