வலிக்காமல் கெடும் சிறுநீரகம்

சிறுநீரகம் பழுதானால் இடுப்பு வலிக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல் அடைத்தால் வலிக்கும், உயிரே போகும். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மெல்ல அரிக்கும்போது ஒரு முனகல்கூட வராது. ஏன்?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியேற்றிவிட்டு மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சில செத்துப்போனால் மிச்சமிருப்பவை அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும். அதனால் பாதித் திறன் போன நிலையிலும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சரியாக இருப்பது போலவே தெரியலாம்.

முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீர்தான். வடிகட்டி பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் கசியும். நுரை பொங்கி, அடங்காமல் நிற்கும். (வேகமாகப் போனாலும் நுரைக்கும், அது சட்டென்று அடங்கிவிடும்.) உப்பும் நீரும் உடம்பில் தங்கினால் காலையில் கண்ணிமை உப்பும், மாலையில் செருப்பு இறுகும். குமட்டல், அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கொரு முறையாவது சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் (கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும்) ரத்தத்தில் கிரியாட்டினினையும் பாருங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபினாக் மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிறுநீர் திடீரென்று வெகுவாகக் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.