குத்திய கையில் கட்டிய ராக்கி

உடுமலைப்பேட்டைப் பக்கம் பங்காளிச் சண்டை பெரும்பாலும் கிணற்று முறையிலோ, வாய்க்கால் தண்ணீரிலோதான் ஆரம்பிக்கும். பத்து வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில், ஆளுக்கொரு ஓரமாக நின்று பரமண்டல ஜெபம் சொல்வார்கள். அவர்களிடம் செல்மி பாலைப் பற்றிச் சொல்லத் தோன்றும்.

கேரளத்துப் புல்லுவழிக்காரர். இவருடைய அக்கா ராணி மரியாவும் கன்னியாஸ்திரிதான். மத்தியப் பிரதேசத்தில் வட்டிக்கடனில் சிக்கிய ஏழைகளுக்காக நின்றவர். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்கு பஸ்ஸில் போனவரை, வழியில் சமந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். சிலர் தூண்டிவிட்டுச் செய்த கொலை.

2002-ல் ரக்ஷா பந்தன் நாளில் செல்மி இந்தூர் சிறைக்குப் போனார். அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டினார். இடையில் ஏழு வருஷம் ஓடியிருந்ததைக் கவனியுங்கள். ‘உடனே மன்னித்துவிடு’ என்று அவசரப்படுத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு அம்மாவும் அந்தக் கைகளை முத்தமிட்டார். சமந்தரின் விடுதலைக்காகக் குடும்பமே மனுக் கொடுத்தது.

2006-ல் விடுதலையானார். அடுத்த வருஷம் புல்லுவழி வீட்டுக்கு வந்தார். மகளைக் கொன்றவரை அந்த வீடு மகனாக உள்ளே அழைத்துக்கொண்டது.