இருபத்தெட்டாம் நாள்

கொல்லைப்புறம் – 9

“இருவத்தோரு நாள் தாண்டிருச்சு தம்பி. இனிமே எங்க பொரியப்போவுது? எல்லாம் கூமுட்டைதான். கோழியக் கெளப்பி வுட்டுரு, பாவம் எளைச்சுப் போச்சு” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நாற்பது வருசமாகக் கோழி அடை வைத்த கை அவருடையது. கோழி முட்டைக்கு அவர் கணக்கு சரிதான். ஆனால் கூடையில் இருந்தவை வாத்து முட்டைகள். அவற்றுக்கு 28 நாள் வேண்டும். மஸ்கோவி என்னும் பெரிய இனமானால் 35 நாள்கூட ஆகும். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்காமல் கூடையைக் கவிழ்த்தால் குப்பைக்குழியில் விழுவது கூமுட்டை அல்ல, கண் திறக்கக் காத்திருக்கும் குஞ்சு.

வாத்து முட்டையை ஏன் கோழிக்கு வைக்க வேண்டும்? முட்டைக்கென்றே வளர்க்கும் காக்கி கேம்பல் வாத்து, நல்ல தீனி கிடைத்தால் வருசத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும். அடையில் உட்காரும் குணம்தான் அதனிடம் அற்றுப்போய்விட்டது. நம் ஊர் மேய்ச்சல்காரர்கள் சன்னியாசி, கீரி என்று பெயர் சொல்லிப் பிரிக்கும் நாட்டு வாத்துகளோ, அறுப்பு முடிந்த வயல் வயலாக நடந்துகொண்டே இருப்பவை. ஓரிடத்தில் 28 நாள் தங்காத மந்தையில் அடைக்கு ஏது நேரம்? ஆகவே நாட்டுக்கோழியின் வயிற்றுச் சூடுதான் துணை. முட்டை பெரிது என்பதால் ஒரு கோழிக்குப் பத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோழியால் அதை எளிதாக உருட்டவும் முடியாது. அது தீனிக்கு எழுந்துபோகும்போது நாம்தான் திருப்பிவிட வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளிக்க வேண்டும். தாய் வாத்து குளத்திலிருந்து நனைந்த இறகோடு வந்து உட்காருமே, அந்த ஈரத்துக்கு ஈடு இது.

குஞ்சு நோஞ்சானாகப் பிறந்தால் சேவலைக் குறை சொல்கிறோம், கோழியைக் குறை சொல்கிறோம். நான் பார்த்தவரை பாதிக் குறை அடை வைப்பதற்கு முன்பே நம் வீட்டில் நடந்துவிடுகிறது. பெரம்பலூர் வெயில் தெரியும்தானே. சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் பரணில் முட்டையைச் சேர்த்து வைக்கிறோம். சுமார் 24 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். முழுச் சூடு கிடைக்காததால் அரைகுறையாக வளர்ந்து தளர்ந்து போகும். பிறகு எந்தக் கோழியின் கீழ் வைத்து என்ன? ஈர மணல்மேல் மண்பானையை வைத்து, அதற்குள் வைக்கோல் பரப்பி முட்டையை வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போலத் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. 25ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டும்.

இனி நான் உயிரைக் கொடுத்துச் சொல்ல விரும்பும் இடம். 26ஆம் நாள் வாக்கில் முட்டையைக் காதில் வைத்தால் உள்ளே கீச்சென்ற சத்தமும் தட்டும் ஓசையும் கேட்கும். குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன்பின் ஓட்டில் ஒரு விரிசல் விழும். அப்புறம் அசைவே இருக்காது. ஒரு நாள் போகும், சில சமயம் இரண்டு நாளும் ஆகும். நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளே அது சும்மா இல்லை. சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்குகிறது. முதல் வருசம் பொறுக்காமல் நான் ஒரு முட்டையின் ஓட்டை நகத்தால் உரித்தேன். சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அது என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. ரத்தம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். சவ்வு காய்ந்து காகிதம் போல ஒட்டிக்கொண்டால் மட்டும் பஞ்சில் வெந்நீர் தொட்டு ஈரப்படுத்தலாம். அலகை நனைத்து மூச்சை அடைத்துவிடக் கூடாது.

வெளியே வந்தபின் கதை தலைகீழ். இப்போது கை வேண்டும். மஞ்சள் கருவின் பலம் ஓரிரு நாள் தாங்கும். தீனிக்கு அவசரமில்லை, சூட்டுக்குத்தான் அவசரம். அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு தொங்கவிட்டு முதல் வாரம் 32 டிகிரி இருக்கச் செய்யுங்கள். பல்படியில் குவிந்தால் குளிர்கிறது, மூலைக்கு ஓடி வாயைத் திறந்தால் வேகிறது. செய்தித்தாளை விரிக்காதீர்கள். வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துவிடும், சாக்குத்துணி நல்லது. விரிந்த காலை மெல்லிய துணிப்பட்டையால் இடுப்பளவு இடைவெளி விட்டுப் பிணைத்தால், பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் நேராகிறது. தண்ணீரை மூக்குத் துளை நனையும் ஆழத்துக்கு, கூழாங்கல் போட்டு வையுங்கள். நீந்த விட வேண்டாம். பூஞ்சிறகு நனைந்தால் குளிரிலேயே போய்விடும்.

தீனி விசயத்தில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. இது மக்காச்சோள பூமி. வீட்டில் இருக்கும் சோளத்தை அரைத்துக் குஞ்சுக்குப் போடுவது இயல்பு. ஆனால் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி3 வைட்டமின், கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். சோளத்தில் அது இருந்தும் உடம்பில் சேராதபடி பிணைந்து கிடக்கிறது. வெறும் சோளமாவில் வளர்ந்த குஞ்சு இரண்டாம் வாரம் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். நெல் தவிடும் கருவாட்டுத் தூளும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

இன்னொன்று பூஞ்சை. மழையில் நனைந்து களத்தில் காயாத சோளத்திலும், கடலைப் பிண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. அந்த ஆண்டு வாத்துக் குஞ்சுகளும் மாண்டன. இந்த நஞ்சைச் சிறு அளவிலேயே காட்டிக்கொடுப்பதால், சோதனைச் சாலைகளில் வாத்துக் குஞ்சை வைத்தே அதை அளந்தார்கள். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத பழைய சோளம் வாத்துக்குஞ்சைக் கொன்றுவிடும். நிறம் மாறிய சோளத்தை, ‘கோழி தின்னாதா என்ன’ என்று போட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் கேட்க நம் ஊரிலேயே ரோவர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அந்தக் கூடையில் ஏழு பொரிந்தன. கடைசியாக வந்தது கால் விரிந்த குஞ்சு. பெரியம்மாதான் தன் பழைய சேலையிலிருந்து பட்டை கிழித்துக் கொடுத்தார். நான்காம் நாள் அவிழ்த்தபோது அது இரண்டு அடி வைத்து விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.