பரணுக்குப் போகாத கணினிகள்

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அன்றோடு நின்றன. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம்தான். ஆனால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் கணினி என்றால் ஏறத்தாழ 2017-க்குப் பிந்தைய செயலி வேண்டும். இவை இல்லாத கணினிகள் ஒன்றும் பழுதாகிவிடவில்லை. திரை ஒளிர்கிறது, தட்டினால் எழுத்து விழுகிறது, அச்சுப்பொறிக்கு ஆணை போகிறது. இருந்தும் அவற்றைப் பரணில் ஏற்றுவதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதே கணினியில் லினக்ஸை நிறுவிக்கொள்வது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கருநிரலும் சேர்ந்து உருவானது இந்த இயங்குதளம். மூல நிரல் திறந்திருப்பதால் யாரும் பிரிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்; இப்படிப்பட்டதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். பழைய கணினிக்கு இது உதவுவதன் சூட்சுமம் அதன் அடுக்குகளில் இருக்கிறது. அடியில் வன்பொருளோடு பேசும் கருநிரல். மேலே நாம் கண்ணால் பார்க்கும் திரைச்சூழல். மேலடுக்கை மட்டும் தனியே கழற்றி மாற்றிவிட முடியும். கண்ணைப் பறிக்கும் கனமான திரைச்சூழலை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான ஒன்றைப் போட்டால், 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் கடிதம் தட்டலாம், கணக்கு எழுதலாம். இணைய உலாவியில் பத்துப் பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்தால் மட்டும் அதுவும் மூச்சு வாங்கும்.

இன்னும் பழைய கணினிகளுக்கு எல்டிஎஸ்பி என்றொரு ஏற்பாடு 1999 முதல் இருக்கிறது. ஓர் அடுப்பில் சமைத்துப் பந்தி முழுவதற்கும் பரிமாறுவதைப் போன்றது இது. ஆய்வகத்தில் ஒரே ஒரு வலுவான கணினி இருந்தால் போதும். மற்றவை வன்தட்டு இல்லாமலே வலையமைப்பு வழியாக அதிலிருந்து இயங்குதளத்தைப் பெற்றுக்கொள்ளும். மென்பொருளைப் புதுப்பிப்பதும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அடுப்பு அணைந்தால் பந்தியே பட்டினி என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

தொழில்நுட்பம் இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லாரும் மாறவில்லை? மாறிய இடங்களையும், மாறிவிட்டுத் திரும்பிய இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். பக்கத்து மாநிலத்திலிருந்தே தொடங்கலாம்.

கேரளம் 2001-இல் 'ஐடி@ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. விண்டோஸில் ஆரம்பித்த பள்ளிக் கணினிப் பாடம், அந்தப் பத்தாண்டின் நடுவிலிருந்து முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிகளுக்கென்றே தனியாக ஒரு லினக்ஸ் தொகுப்பு தயாரானது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெ ஆஃபிஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, நிரல் பழக ஸ்க்ராட்ச், வானத்தைப் பார்க்க ஸ்டெல்லேரியம் என வகுப்புக்கு வேண்டியவை அதற்குள்ளேயே வந்தன. நிலவரைபடங்களைக் கையாளும் க்யூஜிஐஎஸ் மென்பொருளை உயர்நிலைப் பள்ளி மாணவர்களே பயன்படுத்துகிறார்கள்.

இத்திட்டம் இப்போது 'கைட்' என்ற அரசு நிறுவனமாகியிருக்கிறது. இரண்டு லட்சம் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் கட்டாததால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அது கணக்குச் சொன்னது. கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் என்ற கணக்கு அது. பள்ளிகளுக்கான சலுகை விலையில் பார்த்தால் தொகை கணிசமாகக் குறையும். ஆனால், கேரளத்தின் வெற்றியை அந்தத் தொகையில் தேட வேண்டியதில்லை. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் ஆனார். பத்தாம் வகுப்புக் கணினிச் செய்முறைத் தேர்வே லினக்ஸில்தான். 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வன்பொருள், அனிமேஷன், மலையாளக் கணிமை கற்கிறார்கள். வகுப்பில் புரொஜெக்டர் அடம்பிடித்தால் எட்டிப் பார்க்கப் பள்ளிக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் விதை தூவாமல் இல்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த ஒரு தலைமுறைக்கு ஸ்டார் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் பாடம் நினைவிருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் தேர்வும் அன்றாட வகுப்பும் அதன் பக்கம் போகச் சொல்லவில்லை. இரண்டு கதவுள்ள வீட்டில் பழகிய கதவைத் திறந்துதானே பிள்ளைகள் உள்ளே போவார்கள்.

அந்த ஸ்டார் ஆஃபிஸின் வம்சக் கதை சுவையானது. ஜெர்மனியின் லூனேபர்க் நகரில் பிறந்த மென்பொருள் அது. 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டே மூல நிரலைத் திறந்துவிட, ஓப்பன் ஆஃபிஸ் பிறந்தது. சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போன 2010-இல், தன்னார்வலர்கள் பிரிந்துவந்து லிப்ரெ ஆஃபிஸைத் தொடங்கினார்கள். இன்று அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவதென்றால் பெரும்பாலும் இந்த வாரிசுக்கு மாறுவதுதான்.

எடுத்துக்காட்டாக, பிரெஞ்சு ழாந்தார்மெரி காவல் படை 2005 வாக்கில் ஓப்பன் ஆஃபிஸுக்கு மாறியது. அப்போது இயங்குதளத்தைத் தொடவில்லை. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் மின்னஞ்சல். தினமும் தொடும் மென்பொருள்கள் கைக்குப் பழகிய பிறகே, 2008-இல், அடியிலிருந்த விண்டோஸை உருவி உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை வைக்கத் தொடங்கினார்கள். 2024-இல் அந்தப் படையின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில், அதாவது 97 சதவீதத்தில், உபுண்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சிக்கு மாற்றம் இப்படி நிலைக்கவில்லை. 2003-இல் முடிவெடுத்து, பத்தாண்டு பாடுபட்டு, 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. துறைக்குத் துறை தனித்தனிக் கணினிப் பிரிவுகள், விண்டோஸில் மட்டுமே ஓடும் சிறப்பு மென்பொருள்கள், வெளியிலிருந்து வரும் கோப்புகளில் குலையும் வடிவமைப்பு என்று புகார்கள் ஓயவில்லை. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப மாநகர மன்றம் வாக்களித்தது. அதே ஜெர்மனியின் வடகோடியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 30,000 கணினிகளை லிப்ரெ ஆஃபிஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. இம்முறை முன்வைத்த முதல் காரணம் செலவு அல்ல. அரசின் தரவு அரசின் பிடியில் இருக்க வேண்டும் என்பது.

லினக்ஸ் ஓடும் விலை மலிந்த கணினிகளிலும் இதே கதைதான்: பெட்டியை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நிரல் எழுதிய பழக்கமே குறைந்துவருகிறது என்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கவலையிலிருந்து பிறந்தது ராஸ்பெர்ரி பை. எபென் அப்டன் குழுவினர் 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அதை வெளியிட்டபோது, விற்பனைக்கு எடுத்த இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் படுத்தன. 2015-இல் வந்த 5 டாலர் மாதிரி ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே தரப்பட்டது. உள்ளங்கை அளவு பலகை. சில வாட் மின்சாரம் போதும். திரை, விசைப்பலகை, சுட்டி வாங்கும்போது செலவு ஏறும். மின்சாரம் சட்டென்று போனால் நினைவக அட்டையில் உள்ள கோப்புகள் கெடக்கூடும் என்பதால் நம் ஊரில் சிறிய யுபிஎஸ் ஒன்றும் அவசியம்.

'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டம் 100 டாலர் கணினியைக் கனவு கண்டது. விலை இருமடங்கை நெருங்கியது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானபோது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பெட்டிகள் போன வேகத்தில் ஆசிரியர் பயிற்சி போகவில்லை.

தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்று மாற நினைத்தால் முதலில் இடறுவது பெரும்பாலும் பழைய கோப்புகளில்தான். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவிப்பதற்கு முன், வானவில் அவ்வையார் போன்ற எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாய்த் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, வன்தட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி பேசுகிறதா, ஸ்கேனர் விழிக்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் எழுத்து சரியாக விழுகிறதா, சம்பளப் பட்டியலின் கூட்டல் அப்படியே வருகிறதா என்று ஒரு வாரம் சோதிக்கலாம். ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால், பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினால் பழைய விண்டோஸ் இருந்தபடியே வந்து நிற்கும்.