கணவரின் வேலை போனால் மனைவியின் விசா என்னாகும்? வெளிநாட்டில் உள்ள குடும்பங்கள் அறிய வேண்டிய கெடுக்கள்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்ற சகோதரர்கள் பலர். சிலர் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள். வேலை இருக்கும்வரை விசாவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி திடீரென்று ஆள் குறைக்கும்போதுதான், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாகும், எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்ற கேள்விகள் ஒன்றாக வந்து நிற்கின்றன.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். வேலை செய்ய அனுமதி வேறு, தங்க அனுமதி வேறு. அமீரகத்தில் வேலை அனுமதி பொதுவாக 2 ஆண்டு. அது ரத்தானால் அதையொட்டிய தங்கும் விசாவும் ரத்தாகும். மனைவி, பிள்ளைகளின் விசா கணவரின் விசாவில் தொங்குவதால், குடும்பத்தின் விசாவை முடித்த பிறகே அவருடையதை ரத்து செய்வார்கள். புது வேலை கையில் இருந்தால், குடும்ப விசாவை ரத்து செய்யாமல் நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம். இதைக் கேட்காமலே மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு.

ரத்தான பின் கிடைக்கும் அவகாசம் குறைந்தது 30 நாள், சில பிரிவினருக்கு 180 நாள் வரை. கடைசியாக வேலைக்குப் போன நாளிலிருந்து அல்ல, விசா ரத்தான நாளிலிருந்தே இது எண்ணப்படும். கெடு தாண்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 திர்ஹம்!

பணிக்கொடை உள்ளிட்ட பாக்கிகளை வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி கொடுக்க வேண்டும். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருக்கும் ரத்துப் படிவத்தில், பணம் வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு வழக்காடுவது கடினம். 2023 ஜனவரியில் தொடங்கிய வேலையிழப்புக் காப்பீட்டில் 12 மாதம் சந்தா கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் வரை 3 மாதத்துக்குக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்குச் சந்தா மாதம் 5 திர்ஹம்தான்.

கணவரின் விசாவில் இருக்கும் மனைவி அங்கே வேலை பார்க்கலாமா? அமீரகத்தில் பார்க்கலாம். விசாவை மாற்ற வேண்டியதில்லை. வேலை கொடுப்பவர் அவர் பெயரில் வேலை அனுமதி எடுத்தால் போதும். அனுமதி இல்லாமல் ஆள் வைத்தால் 2024 சட்டத் திருத்தப்படி முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். வீட்டில் டியூஷன் எடுக்கும் சகோதரிகளுக்குத் தனியார் ஆசிரியர் அனுமதி 2023 டிசம்பரிலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது. போதிய சம்பளம் இருந்தால் மனைவியே கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்பான்சராகவும் முடியும்.

சவூதியில் நிலைமை இறுக்கமானது. கணவரின் இகாமாவில் இருக்கும் மனைவி, உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம். விசிட் விசாவில் வந்தவருக்கும் அப்படித்தான். குடும்பத்தினருக்கான கட்டணம் 2017இல் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கி, 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். நடுத்தரச் சம்பளக்காரர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியதற்கு இதுவே பெரிய காரணம்.

வேலைக்கு வரவில்லை என்று கஃபீல் புகார் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். 2022 அக்டோபர் முதல் நடைமுறை மாறியிருக்கிறது. 60 நாளுக்குள் வேறு முதலாளியிடம் மாறலாம், அல்லது இறுதி எக்ஸிட்டில் ஊர் திரும்பலாம். அந்த நாள்களை வீணாக்கினால்தான் 'ஹுரூப்' ஆகிவிடும். ஒளிந்திருப்பது இந்த 60 நாளைத்தான் தின்னும்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்காரர் குடும்பத்தை அழைக்க முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பு 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டு, வயது வரம்பும் 63 ஆகியிருக்கிறது. வருடக் கணக்கு முடிகிறதே என்று ஊர் திரும்பத் தயாராக இருந்தவர்கள் முதலாளியிடம் மீண்டும் பேசிப் பார்க்கலாம்.

இனி ஊரில் செய்ய வேண்டியது. மனைவியின் விசாவுக்குத் திருமணச் சான்று வேண்டும். ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி நிக்காஹ் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மாப்பிள்ளையின் லீவு ஒரு மாதம்தான் என்பதால் 'அடுத்த லீவில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் வீடுகளே அதிகம். அதற்குள் கெடு போய்விடும். சவூதிக்கு அந்தச் சான்றில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகத்துக்கு அவர்களுடைய தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். பதியப் போகும்போது இருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பெயரும் தந்தை பெயரும் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் சரிபாருங்கள்.