ஒரே சேறு, மூன்று பருவங்கள்

சென்ற ஜூனில், வெள்ளானூரிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பழவேற்காட்டுக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றேன். ஆரணியாறு உவர்நீர் ஏரியில் கலக்கும் பகுதி வற்றிக் கிடந்தது. வெடித்த சேற்றின்மேல் உப்பு பூத்திருந்தது. "சார், இது சும்மா கிடக்குற இடமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆமாம்மா, தரிசுதான்" என்றேன். அது தவறான விடை என்பது ஜனவரியில் மீண்டும் சென்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதே இடத்தில் அப்போது முழங்கால் அளவுகூட இல்லாத நீர் பரவியிருந்தது. பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையை வடிகட்டிக்கொண்டிருந்தன. ஈரச் சேற்றில் உள்ளான்கள் புழுக்களைக் குத்தி எடுத்தன.

இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறு வண்டலைக் கொண்டுவருகிறது. ஏரியின் உப்பு குறைகிறது. வெள்ளத்தின் வேகம் கடலோர மணலை அரித்து முகத்துவாரத்தை அகலமாக்குகிறது. மழைக்குப் பின் நீர் வடிய, சத்து நிறைந்த புதுச் சேறு வெளிப்படுகிறது. அதில் புழு, நத்தை, நண்டு பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. கோடையில் ஆற்றுநீர் நின்றுவிடும். அலைகள் ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தைக் குறுக்கும், சில ஆண்டுகளில் அடைத்தும் விடும். நீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. ஜூனில் நாங்கள் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான்.

வண்டல் ஏன் கழிமுகத்தில் படிகிறது என்பதை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஏரிக் களிமண்ணைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைக் கலந்து அசையாமல் வையுங்கள். உப்பு நீர் விரைவில் தெளியும்; மற்றது நெடுநேரம் கலங்கலாகவே இருக்கும். நன்னீரில் ஒன்றையொன்று விலக்கும் நுண்களித் துகள்கள், உப்பு நீரில் ஒட்டித் திரண்டு கனமாகி அடியில் இறங்குவதே காரணம். ஆற்றின் வேகம் குறைவதும் இதற்குத் துணைசெய்கிறது.

கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே வந்து இந்த ஆழமற்ற நீரில்தான் வளர்கின்றன. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. கோடையில் மட்டும் பார்த்துத் தரிசு என்று முடிவுகட்டினால், அதை மண்ணிட்டு மூடுவதும் நியாயமாகத் தோன்றிவிடும்.

என் விடையை வகுப்பில் திருத்திச் சொன்னேன். நீங்களும் உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றைத் தேர்ந்து, ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு மூன்று முறை மாணவர்களைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். கரையில் நின்றே பார்க்கட்டும். சேறு ஆளை உள்வாங்கும்.